வாவிக்கரையில் ஹொட் ரொட்: எந்தச் செசி தாங்கும்?

ஹொட் ரொட் கட்டுவது பற்றி உலகில் எழுதப்பட்ட அறிவுரைகளில் பெரும்பங்கு உலர்ந்த ஊர்களில் எழுதப்பட்டது. கலிபோர்னியாவின் மியூரொக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரித் தரைகளில் 1930களில் இளைஞர்கள் பழைய போர்ட் கார்களின் மட்கார்டையும் கூரையையும் கழற்றி எறிந்துவிட்டு வேகம் பார்த்தார்கள். அந்த விளையாட்டிலிருந்து பிறந்த கலை இது. 1937இல் தங்களுக்கென்று ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். அங்கே செசியைப் பற்றிய கேள்வி முழுக்க முழுக்கப் பலத்தைப் பற்றியது: இந்தச் சட்டம் அந்த எஞ்சினைத் தாங்குமா, தாங்காதா?

மட்டக்களப்பில் அந்தக் கேள்விக்கு முன்னால் வேறு இரண்டு வந்து நிற்கின்றன. செசி இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறதா? செசியின் உட்புறத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்று விடை கிடைத்த பிறகுதான் பலம், நீளம், எஞ்சின் எல்லாம். வரிசையை மாற்றி, முதலில் எஞ்சினை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ற செசி தேடுகிறவர்களின் வேலை கராஜ் மூலையில் தறப்பாள் போர்த்திக் கிடக்கும்.

முதலில் கைக்கு எட்டும் வண்டிகளைப் பார்ப்போம். ஹொட் ரொட்டுக்கு உடலிலிருந்து பிரிந்து வரும் தனிச் செசி வேண்டும். இலங்கையில் பழைய கார் என்றதும் எல்லார் வாயிலும் முதலில் வருவது மொறிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட அந்தக் காரின் சலூன் வகைக்குத் தனிச் செசியே கிடையாது. தரைத் தகடு, பக்கவாட்டுப் பெட்டி, கூரை எல்லாம் சேர்ந்துதான் அங்கே சட்டம். கூரையை வெட்டினால் வண்டியின் முதுகெலும்பையே வெட்டியதாகிவிடும். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஹில்மன் மின்ஸும் இதே சாதி. விதிவிலக்கு ஒன்று உண்டு. 1953 முதல் வந்த மொறிஸ் மைனர் வானுக்கும் பிக்கப்புக்கும் தனிச் செசி இருந்தது. தோட்டத்திலோ பழைய அரிசி ஆலையின் பின்புறத்திலோ அப்படி ஒரு பிக்கப் பதிவுப் புத்தகத்தோடு கிடந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

அமெரிக்காவில் இந்தக் கலையின் மூல வண்டிகள் போர்ட் மொடல் ஏயும் 1932ஆம் ஆண்டு போர்ட்டும். மொடல் ஏயின் முன்பின் சக்கர இடைவெளி 103.5 அங்குலம், 1932 வண்டியினுடையது 106. இரண்டரை அங்குல வேறுபாடு பெரிதல்ல. ஆனால் 1932இல் போர்ட் மலிவு விலைக் காருக்குள் முதன்முதலாக எட்டு சிலிண்டர் எஞ்சினை, 65 குதிரைவலுவோடு, வைத்தது. அதைத் தாங்குவதற்காகப் பக்கச் சட்டங்கள் ஆழமாகவும் உறுதியாகவும் செய்யப்பட்டன. ஆகவே பையன்கள் மொடல் ஏயின் இலகுவான உடலை எடுத்து 1932 செசியின் மேல் இருத்தினார்கள். இலக்கம் செசியில் பொறிக்கப்பட்டிருந்தது. உடல் எதுவானாலும் வண்டி எது என்பதைச் செசியே சொன்னது. பின்னாளில் அந்தச் செசிக்குப் பஞ்சம் வந்தபோது புதிதாகவே செய்து விற்கத் தொடங்கினார்கள். இலங்கையில் இந்த இரண்டு வண்டிகளில் ஒன்று முழுசாக இன்று கிடைத்தால் அதை வெட்டுவது பாவம் என்பது என் கட்சி. அதை அப்படியே திருத்தி வைக்க வேண்டும்.

நமக்கு நெருங்கிய உறவு பிரித்தானிய வழி. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் அமெரிக்க வண்டி கிடைக்காத இளைஞர்கள் கையிலெடுத்தது போர்ட் பொப்புலர் 103ஈ. 1953 முதல் 1959 வரை வந்தது. 1172 சீசீ எஞ்சின், சுமார் 30 குதிரைவலு, முன்னும் பின்னும் குறுக்கே வைத்த வில்லு, கம்பி இழுக்கும் பிரேக். அதன் அண்ணன்மார் அங்லியாவும் பிரிஃபெக்ட்டும். பொப்புலரும் அங்லியாவும் 90 அங்குல இடைவெளி, பிரிஃபெக்ட் 94. மூன்றுக்கும் தனிச் செசி. மெல்லிய, மூடப்படாத சட்டம். இங்கிலாந்து ஹொட் ரொட் உலகத்தில் ‘பொப்’ என்றால் இன்றும் தனி மரியாதை. நான்கு அங்குலம் கூடுதலாக இருப்பதால் பிரிஃபெக்ட்டை நான் ஒரு படி மேலே வைப்பேன். பிற்கால எஞ்சினும் கியர்பொக்ஸும் நீளமானவை. ஓட்டுபவரின் கால் எங்கே போவது என்ற கேள்வி 90 அங்குலத்தில் சீக்கிரம் எழும்.

பிரேக் விடயத்தில் ஒஸ்ரின் ஏ40 முந்திக்கொள்கிறது. 1947இல் வந்த டெவனுக்கு முன் சக்கரங்களில் எண்ணெய் பிரேக், பின்னால் கம்பி. 1952 முதல் 1954 வரை வந்த சோமசெற்றுக்கு நான்கிலும் எண்ணெய். முன் சக்கரங்கள் சுருள் வில்லோடு தனித்தனியே அசைபவை. 1200 சீசீ எஞ்சின், கனமான தனிச் செசி, 92.5 அங்குலம். சோமசெற்றின் குண்டு உடல் ஹொட் ரொட் அழகுக்கு ஒத்துவராது என்பார்கள். உடல் கறள் தின்று போய், செசியும் புத்தகமும் மிஞ்சிய சோமசெற் ஒன்றை மனத்தில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். நல்ல உடலோடு நிற்பதை இதற்காகப் பிரிக்க வேண்டியதில்லை.

வொக்ஸ்வாகன் பீற்றல் வேறு வகை. நடுவில் ஒரு குழாய் முதுகெலும்பு, இரு பக்கமும் தரைத் தகடு. போல்டுகளைக் கழற்றினால் உடல் பிரிந்து வரும். இலக்கம் பின் இருக்கைக்குக் கீழே அந்த முதுகெலும்பில் இருக்கும். 1960களில் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் இந்தத் தரையைச் சுருக்கி, பைபர் உடல் வைத்து, மணலில் ஓடும் வண்டி செய்தார். கல்லடிக் கடற்கரையைப் பார்க்கிற எவருக்கும் அந்த ஆசை வரும். கடலோரம் நெடுகப் பைபர் வள்ளம் செய்யும் கைகள் உள்ள ஊர் இது. உடல் வார்ப்பது இங்கே பெரிய காரியமே அல்ல. ஆனால் பீற்றலின் உறுதியில் ஒரு பங்கு உடலின் பக்கவாட்டுப் பெட்டிகளிலிருந்து வருகிறது. உடலைக் கழற்றியதும் தரை தளரும். பைபர் அந்தக் குறையை ஈடு செய்யாது. தவிர, தரையைச் சுருக்குவது என்றால் இலக்கம் பொறித்த சட்டத்தையே வெட்டுவது. அந்தச் சிக்கலைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஜீப்பும் லான்ட் ரோவரும் ஹொட் ரொட்டுக்கு உயரமானவை, தாழ்த்துவது வீண் வேலை. லான்ட் ரோவரை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் அது கற்றுத்தரும் பாடம். 1948இல் அது வந்தபோது, செசியை அச்சில் அழுத்தி எடுக்கும் பெரிய இயந்திரங்களுக்குச் செலவிட வழியில்லை. எனவே இரும்புத் தகட்டைப் பட்டைகளாக வெட்டி, நான்கு பட்டைகளை ஓரம் ஓரமாக ஒட்டி, மூடிய பெட்டிச் சட்டம் செய்தார்கள். உடல் அலுமினியக் கலவை. எழுபது ஆண்டுக்குப் பிறகும் உடல் பளபளக்கும். செசி உள்ளேயிருந்து கரைந்து போயிருக்கும். உலகெங்கும் லான்ட் ரோவர் பிரியர்கள் துத்தநாகம் பூசிய புதுச் செசி வாங்கிப் போடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்தின் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு செய்த வேலை அது. நமக்குச் சாலையில் உப்புத் தூவ ஆள் தேவையில்லை.

உப்பும் பெட்டியும்

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. எழுவான்கரை என்று நாம் சொல்லும் கிழக்குப் பட்டி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உவர்நீருமாக இருக்கிற ஒடுங்கிய நிலம். கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ களுவாஞ்சிக்குடியிலோ நிற்கும் வண்டிக்கு எந்தத் திசைக் காற்றானாலும் உப்பு வரும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வண்டிகளின் கதை சற்று வேறு. வயல் சேறு, மாரி வெள்ளம், அப்புறம் பாதை. வெளியூர்க்காரருக்குச் சொல்லிவிடுகிறேன்: இங்கே பாதை என்பது வண்டிகளை வாவிக்கு அக்கரை கொண்டுபோகும் மிதவையையும் குறிக்கும். மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே பாதைதான் வழி. ஏறும்போதும் இறங்கும்போதும் உவர்நீர் வண்டியின் அடிப்பக்கத்தைத் தொட்டுவிட்டுப் போகும்.

உப்பு இரும்பைத் தின்பதற்கு மழைகூடத் தேவையில்லை. சாதாரணக் கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். வாவிக்கரையில் இரவில் 75 வீதம் என்பது சர்வசாதாரணம். ஆகவே செசியில் படிந்த உப்பு ஒருபோதும் முழுசாகக் காய்வதில்லை. வெளிப்புறத்தில் படிந்ததை மழை கழுவும், நாமும் கழுவலாம். மூடிய சட்டத்துக்குள் புகுந்ததைக் கழுவ யாருமில்லை.

இங்கேதான் உலர்ந்த ஊர் அறிவுரை நமக்கு எதிராகத் திரும்புகிறது. ஹொட் ரொட் கையேடுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது: பழைய செசியின் திறந்த சனலுக்குள் ஒரு தகடு வைத்து ஒட்டிப் பெட்டியாக்கு. எந்திரவியல் கணக்கில் அது முற்றிலும் சரி. 100 மில்லிமீற்றர் உயரம், 50 அகலம், 3 தடிப்புள்ள சனல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது பக்கத்தையும் தகட்டால் மூடினால் மேலிருந்து வரும் பாரத்துக்கு அது காட்டும் உறுதி கால்வாசி அளவுக்குத்தான் கூடும். முறுக்குக்குக் காட்டும் உறுதியோ நானூறு மடங்குக்கு மேல் ஏறும். தீப்பெட்டியின் உள்தட்டைத் தனியே எடுத்து முறுக்கிப் பார்த்து, பிறகு மேலுறைக்குள் தள்ளி முறுக்கிப் பார்த்தால் கணக்கு கைக்குத் தெரியும். பழைய செசிக்குப் பெரிய எஞ்சின் செய்யும் கெடுதி முறுக்குத்தான். அதனால் அமெரிக்கப் பையன்கள் பெட்டியாக்கினார்கள். லொறிக்காரர்கள் மட்டும் இன்றுவரை திறந்த சனலையே வைத்திருக்கிறார்கள். அங்கே சட்டம் கொஞ்சம் முறுகிக் கொடுப்பதுதான் பள்ளமான வழியில் நான்கு சக்கரமும் தரையில் பதியக் காரணம்.

வாவிக்கரையில் அந்தப் பெட்டி கறளுக்கு வீடு. வெளியே அழகாக மை பூசி, உள்ளே வெறும் இரும்பாக விட்ட பெட்டிச் சட்டம் இங்கே எத்தனை மாரி தாங்கும் என்று கேட்டால், எண்ணிக்கை சொல்ல எனக்குத் துணிவில்லை. அழிவு வெளியே தெரியும் நாளில் அது முடிந்துபோன காரியம் என்று மட்டும் சொல்வேன். மூன்று வழி இருக்கிறது. முதலாவது, பெட்டியாக்கவே வேண்டாம். திறந்த சனலை அப்படியே விட்டு, நடுவில் எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டம் ஒன்றைப் பூட்டி முறுக்கைக் கட்டுப்படுத்துவது. போர்ட் நிறுவனமே 1933 முதல் தன் செசிகளில் இந்த எக்ஸைத்தான் நம்பியது. ஒவ்வொரு மூலையும் கண்ணுக்குத் தெரியும், தூரிகை எட்டும், குழாய்த்தண்ணீர் எட்டும். இரண்டாவது, பெட்டியாக்கி முழுமையாகக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுவது. ஒரு ஊசித்துவாரம் இருந்தாலும், பகலில் சூடேறி வெளியே போன காற்று இரவில் குளிர்ந்து ஈரத்தோடு திரும்பி வரும். பிரேக் குழாய்க்குத் துளை போடாமல் எந்தக் கராஜும் ஒரு செசியை விட்டுவைத்ததாக நான் கண்டதில்லை. ஆகவே இந்த வழி ஏட்டில் மட்டும் நல்லது.

மூன்றாவது, சுடுதுத்தநாகத் தோய்ச்சல். சுமார் 450 பாகை உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுச் செசியையும் முக்கி எடுப்பது. மூன்று மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள இரும்பில் சராசரி 70 மைக்ரோன் பூச்சு ஏறும், உள்ளும் புறமும். இதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை: மூடிய பெட்டிக்குக் கட்டாயம் காற்றுத் துளை இருக்க வேண்டும். அடைபட்ட ஈரம் தொட்டிக்குள் ஆவியாகி வெடிக்கும், உயிராபத்து. தோய்த்த பிறகு ஒட்டு வேலை செய்தால் துத்தநாகப் புகை நெஞ்சைக் கெடுக்கும், பூச்சும் அந்த இடத்தில் போய்விடும். ஆகவே எஞ்சின் தாங்கி, பிரேக் தாங்கி, ஸ்டியரிங் தாங்கி எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒட்டி, வண்டியை ஒருமுறை முழுசாகக் கட்டிப் பார்த்து, பிரித்து, பிறகே அனுப்ப வேண்டும். மெல்லிய பழைய சட்டம் அந்தச் சூட்டில் கோணவும் செய்யும். கொழும்புப் பக்கம் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஏற்றி இறக்கும் செலவும் இருக்கிறது. காசு உள்ளவருக்கு நல்ல வழி. இல்லாதவருக்குத் திறந்த சனலும் எக்ஸ் சட்டமும் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சும் போதும் என்று துணிந்து சொல்வேன்.

ஒரு துணை எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியிலும் நாவலடியிலும் கடல் வந்துபோன வண்டிகளில் சில பிறகு திருத்தி விற்கப்பட்டன. இன்று கை மாறி மாறி வரும் பழைய வண்டியின் செசிக்குள் அந்தக் கடல் இன்னும் இருக்கலாம். அதேபோல் மீன் லொறியின் செசி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வாழைச்சேனையிலிருந்து கண்டிக்கும் கொழும்புக்கும் போகும் வழி முழுக்க ஐஸ் உருகி உப்புநீராக அதன் முதுகில்தான் வடிந்திருக்கும்.

இலக்கம்

இரும்பு நன்றாக இருந்தும் வண்டி தெருவுக்கு வராமல் போவது இலக்கத்தால். இலங்கையில் வாகனத்தின் அடையாளம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழான பதிவில் இருக்கிறது. செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் அதில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க காப்புறுதி வேண்டும். 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையும் வேண்டும். எஞ்சின் மாறினால் பதிவில் மாற்றலாம், அது வழக்கமாக நடப்பது. பெரும்பாலான பழைய கார்கள் இன்று வேறு எஞ்சினோடுதான் ஓடுகின்றன. செசி அப்படியல்ல. செசி மாறினால் சட்டத்தின் கண்ணில் அது வேறு வண்டி.

வெளியிலிருந்து கொண்டுவரலாமே என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அதுவும் கடும் வரியோடு, வயதெல்லை வைத்து. அமெரிக்கப் பட்டியலில் பார்த்துப் புதுச் செசி வரவழைத்தால், அது துறைமுகம் தாண்டினாலும் பதிவேட்டில் அதற்கொரு பிறப்பு இல்லை. ஆகவே இந்தத் தீவில் ஹொட் ரொட்டின் பிறப்பிடம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஒரு வண்டிதான்.

இலக்கத் தகட்டுக்கும் நமக்கும் இருக்கும் கதை பழையது. 1950களின் நடுப்பகுதி வரை பதிவான கார்களில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த எழுத்துச் சோடிகள் இருக்கும்: சீ.ஈ., சீ.எல்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. பிறகு சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதை எதிர்த்துத் தார் பூசிய இயக்கத்தில் 1958இல் தமிழ்த் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் மட்டக்களப்பில் சிறை சென்றார். சோமசெற்றும் பிரிஃபெக்ட்டும் வந்த காலம் அந்த எழுத்துச் சோடிகளின் காலம். அப்படி ஒரு தகடு பூட்டிய பழைய செசிக்கு இன்று தனி மதிப்பு. அந்த மதிப்புத்தான் ஆபத்தையும் கொண்டுவருகிறது. செத்த வண்டியின் செசியிலிருந்து இலக்கம் உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்து, வேறு சட்டத்தில் பதித்து, ‘புத்தகம் கிளியர்’ என்று விற்பவர்கள் உண்டு. அது குற்றம். வாங்கியவர் அறியாமல் வாங்கினாலும் வண்டி பொலிஸ் முற்றத்தில்தான் நிற்கும். இலக்கத்தைச் சுற்றி ஒட்டுக் கோடு, அரைத்த தடம், மற்ற இடத்தைவிடத் தடித்த மை எது தெரிந்தாலும் விலையைப் பேச வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

மற்ற நாடுகளின் வழக்கைப் பார்ப்பது நமக்கு உதவும். பிரித்தானியாவில் நெடுங்காலம் ஒரு புள்ளிமுறை இருந்தது. மாறாத மூலச் செசிக்கு 5 புள்ளி, தொங்கல் அமைப்பு, அச்சு, கியர்பொக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. 8 புள்ளி சேராவிட்டாலோ செசியை வெட்டியிருந்தாலோ பழைய இலக்கம் போய், கியூ எழுத்துத் தகடும் புதுப் பரிசோதனையும். 2025 ஆகஸ்டில் இந்த விதி தளர்த்தப்பட்டு, அறிவித்துவிட்டு மாற்றிய வண்டி தன் இலக்கத்தை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. லண்டனில் இருக்கும் நம்மவர் ஒருவர் பொப் கட்டுவதானால் அது நல்ல செய்தி. இந்தியாவில் கதவு ஒடுங்கியது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தத் தடை போடுகிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை இறுக்கிப் பிடித்தது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதியோ 50 ஆண்டு கடந்து மூல வடிவிலேயே இருக்கும் வண்டிக்கு மட்டும். செசியோ உடலோ எஞ்சினோ பெரிதாக மாறியிருந்தால் கிடையாது. சென்னையில் ஹொட் ரொட் கட்டுபவர் கண்காட்சிக்குத்தான் கட்டலாம். இலங்கை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அமைப்பில் மாற்றம் செய்யத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், ஆனால் கேட்க இடமிருக்கிறது. 2025 ஜனவரியில் பொலிசார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றவைத்ததை எல்லாரும் பார்த்தோம். ஒரு வெளிச்சத்துக்கே அவ்வளவு என்றால், கூரையில்லாத 1950ஆம் ஆண்டுக் கார் ஒன்று கல்லடிப் பாலத்தில் ஏறும்போது மறிக்கப்படாமல் இராது. அனுமதிக் கடிதம் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

இங்கே பலரும் நாடும் குறுக்குவழி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்: ஜப்பான் பிக்கப் செசி ஒன்றின் மேல் பழைய கார் உடலை இருத்துவது. எந்திரவியலில் குற்றம் சொல்ல முடியாது. நல்ல பிரேக், நல்ல ஸ்டியரிங், உதிரிப்பாகம் ஓட்டமாவடியிலேயே கிடைக்கும். ஆனால் பதிவேட்டில் அது பிக்கப். உற்பத்தி ஆண்டு பிக்கப்பினுடையது, தகடும் பிக்கப்பினுடையது. அதை அப்படியே ஒப்புக்கொண்டு, உடல் மாற்றத்துக்கு அனுமதி கேட்பவரை நான் குறை சொல்லமாட்டேன். 1950 கார் என்று காட்டப் பழைய தகட்டை அதில் பூட்டுவது வேறு விடயம். தவிர, பிக்கப் செசி நீளமும் உயரமும் கூடியது. உடலை அதன் மேல் வைத்தால் வண்டி கோழி காலில் நிற்பதுபோல் நிற்கும் என்று கராஜ்காரர்கள் சிரிப்பார்கள். அதைத் தாழ்த்த வெட்டினால் மறுபடியும் இலக்கச் சிக்கல்.

வாங்கும் முன்

செசியைப் பார்க்கப் போகும்போது சுத்தியல், உளி, தூக்குக்குண்டு, சோக்கட்டி, அளவுநாடா, கைபேசியில் பூட்டும் மெல்லிய கமரா, இவ்வளவும் போதும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். கறள் தின்றது மந்தமாகக் கேட்கும். வில்லுத் தாங்கிகளுக்கு மேற்புறமும் உடல் போல்ட் இருக்கைகளும் பின் குறுக்குச் சட்டமும் முதலில் போகும் இடங்கள். சந்தேகமான இடத்தில் உளி இறங்கினால் விற்பவர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். மூடிய பகுதி எதுவானாலும் இருக்கிற துளை வழியே கமராவை விட்டுப் பார்க்க வேண்டும். செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தால் அந்தச் செசி வேண்டாம். பிறகு சமதளச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, நான்கு வில்லுத் தாங்கிகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுச் சோக்கால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரு அளவும் சில மில்லிமீற்றருக்குள் ஒத்துவராவிட்டால் எங்கோ அடிபட்ட செசி. அதை நிமிர்த்தலாம். ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

கறள் தின்ற துண்டை மாற்றுவதானால் நேர்குறுக்கே வெட்டி ஒட்டக் கூடாது. சாய்வாக வெட்டி, உள்ளே ஒரு தகடு வைத்து, ஒட்டுக் கோடு ஒரே இடத்தில் சட்டத்தின் உயரம் முழுக்க விழாதபடி பார்க்க வேண்டும். கீழ் விளிம்பில்தான் இழுவிசை கூடுதல். அங்கே குறுக்கே போகும் ஒட்டு ஒருநாள் பிளக்கும். தளர்ந்த ரிவெட்டை ஒட்டிவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. துளையை ரீமர் போட்டுச் சீராக்கி இறுக்கமான உயர்தர போல்ட் பூட்டுவதே சரி. பழைய செசி ரிவெட்டில் அசைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டது. ஒட்டினால் அசைவு பக்கத்து இரும்புக்குப் போய் அங்கே வெடிப்பாக வரும்.

எஞ்சின் ஆசையைச் செசிக்குள் அடக்க வேண்டும். 30 குதிரைவலுவுக்குச் செய்த பிரிஃபெக்ட் சட்டத்தில் லைட்ஏஸ் வானின் 5கே எஞ்சின், 1486 சீசீ, ஏறக்குறைய இரட்டிப்பு வலு, எக்ஸ் சட்டத்தோடு தாராளமாக உட்காரும். வாழைச்சேனை முதல் கல்முனை வரை அதைக் கழற்றிப் பூட்டத் தெரியாத மெக்கானிக் இல்லை. எட்டு சிலிண்டர் கனவு வேண்டாம். கல்முனை வீதியில் அந்த வேகத்துக்கு இடமும் இல்லை. கம்பி பிரேக்கை மட்டும் எந்த எஞ்சினானாலும் முதல் வேலையாகக் கழற்றி எண்ணெய் பிரேக் போட வேண்டும்.

ஆகவே என் வரிசை: உயிருள்ள பதிவோடு கிடைக்கும் பிரிஃபெக்ட் அல்லது பொப்புலர் முதலிடம், உடல் போன சோமசெற் அடுத்தது, மொறிஸ் மைனர் பிக்கப் கிடைத்தால் அதிர்ஷ்டம், சுருக்காத பீற்றல் தரை, பைபர் வேலை தெரிந்தவருக்கு. வாங்கியதும் கிரைண்டரைத் தொடக் கூடாது. புத்தகத்திலுள்ள இலக்கத்தைச் செசியிலுள்ளதோடு ஒப்பிட்டுப் பென்சில் படி எடுத்து, இருக்கிற நிலையில் நான்கு பக்கமும் படம் எடுத்து, மாற்றத்தின் வரைபடத்தோடு மாவட்ட அலுவலகத்தில் மோட்டார் வாகனப் பரிசோதகரைப் பார்க்க வேண்டும். எக்ஸ் சட்டம் எங்கே வரும், பிரேக் எது, எஞ்சின் இலக்கம் என்ன, உடல் எவ்வளவு குறையும், மட்கார்ட் இருக்குமா என்று அவர் கேட்பார். மட்கார்டை விட்டுவைக்கும்படி அவர் சொன்னால் வாதிட வேண்டாம். மாரிகாலத்தில் வாவிக்கரை வீதியில் முன் சக்கரம் அள்ளி வீசுவது எதுவென்று அவருக்கும் தெரியும், உங்கள் செசிக்கும் தெரியும்.